விடியற்காலை ஓட்டமும் தலைச்சோலை விருந்தும்

1. வளைவில் வந்தது

செலக்‌ஷன் ஓட்டம் சேலத்தில், காலை ஆறரைக்கு. அன்றைக்கு இருட்டு விலகுவதற்கு முன், ஏற்காடு மலை ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவில், நான் மாதக்கணக்காகத் தயார் செய்த ஓட்டக்காரி ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ரோட்டோரக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். முதலில் களி வந்தது, அப்புறம் கமலா ஆரஞ்சு. அப்புறம் பணியாரம். அப்புறம் அவித்த முட்டை. நான் டார்ச் லைட் அடித்துக்கொண்டு, எது எந்த வீட்டு உபயம் என்று அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடு புடிச்சிருச்சுங்க டீச்சர். அடிவாரத்துல ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டா செரியாப் போயிருங்க" என்றான் ஜீப் ஓட்டி வந்த அவள் புருஷன்.

"நீ வாயத் தொறக்காத குமரேசா. தொறந்தீன்னா உன்னையும் இந்தப் பள்ளத்துல தள்ளிருவேன்" என்றேன். அவன் பாவம், ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

நான் மெஹருன்னிசா. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். எங்கள் குடும்பம் சேலத்திலிருந்து வந்து இங்கே மளிகைக்கடை வைத்த குடும்பம். இப்போது விடியற்காலையில் ஏரியைச் சுற்றி ஓட வருகிற பெங்களூர் ஆட்கள் இடுப்பில் பெல்ட் கட்டி, அதில் பசை மாதிரி எதையோ பாக்கெட் பாக்கெட்டாகச் சொருகிக்கொண்டு ஓடுகிறார்கள். ஏரியைச் சுற்றுவதற்கு இத்தனை ஏற்பாடா என்று நினைத்துக்கொள்வேன். ஓடுகிறவளுக்கு எதைக் கொடுப்பது என்ற விஷயத்தில் நான் பார்த்த கூத்துகளை இளைய பி.டி. டீச்சர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

2. ஆளுக்கொரு வைத்தியம்

சித்ரா தலைச்சோலை என்கிற மலைக் கிராமத்துக்காரி. எட்டாவது வரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அதன் பிறகு கல்யாணம், குழந்தை, காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வேலை. வேலைக்கு லேட்டாகிவிடும் என்று தினமும் காலையில் மேட்டு ரோட்டில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடுவாள். என் பள்ளி டீம் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் எஸ்டேட் ஓனர் தோட்டத்தைத் துண்டு போட்டு, பங்களா கட்டுகிறவர்களுக்கு விற்க ஆரம்பித்தார். அடுத்த பறிப்புக்கு ஆள் வேண்டாம் என்று கணக்குப் பார்க்கிற ரைட்டர் சொல்லிவிட்டார். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற குமரேசனுக்கும் அதே கதி. குழந்தையை ஊரில் விட்டுவிட்டு இரண்டு பேரும் கேரளாவுக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. அப்போதுதான் சேலத்தில் ஒரு நூல் மில்லில் பெண்கள் ஓட்ட டீமுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். பத்து கிலோமீட்டர் ஓட்டம். முதல் மூன்று பேருக்குப் பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ். "ஓடறியாடி?" என்று கேட்டேன். "குவார்ட்டர்ஸுல புள்ளைய வெச்சுக்கலாங்களா டீச்சர்?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

சித்ரா ஓடப் போகிறாள் என்று தெரிந்ததும் ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் டாக்டர் பட்டம் வந்துவிட்டது.

எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், பச்ச முட்டைய ஒடச்சு அப்படியே குடிக்கச் சொல்லுங்க. பயில்வானுங்கல்லாம் அதத்தான் குடிக்கிறான்" என்றார். அந்த மனிதர் செய்த ஒரே உடற்பயிற்சி நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. கடைத்தெருவில் என் அண்ணன், "பேரீச்சம்பழந்தான் மெஹரு தெம்பு. நம்ம கடையிலேயே இருக்கு" என்றார். ஒரு பெட்டி விற்காமல் மீந்திருந்தால் அண்ணனுக்கு அந்த மாதிரி ஞானம் உதிக்கும். குமரேசன் சேலம் போய் ஒரு சத்து மாவு டப்பா வாங்கி வந்தான். டப்பா மேல் சட்டை போடாத ஒருத்தன் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். "இவன் எந்த ஊர்ல பத்து கிலோமீட்டர் ஓடுனான்?" என்று கேட்டேன். குமரேசன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குத் தெரியாமல் மறுநாள் காலை அதைக் கரைத்துப் பெண்டாட்டிக்குக் கொடுத்தும் விட்டான். சித்ரா அன்றைக்கு நன்றாகத்தான் ஓடினாள், ரோட்டிலிருந்து சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால், பின்னாலிருந்து ரோட்டுக்கு.

எஸ்டேட் பெண்களின் வயிறு வேறு மாதிரி பழகின வயிறு. விடியற்காலையில் வெல்லம் போட்ட வரக்காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். தூக்குப்போசியில் இருக்கிற சோற்றைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை சரிவில் ஏறி இறங்கிப் பறித்துக்கொண்டே இருப்பார்கள். பறிப்புக்கு அது போதும். ஓட்டத்துக்குப் போதாது. செம்மநத்தம் போகிற ஒடுங்கின ரோட்டில் பிராக்டீஸ் ஓட விட்டால், ஏழு கிலோமீட்டர் வரை பறப்பாள். அதற்கு மேல் கண் இருட்டும், கால் பின்னும்.

நான் ஒன்றும் பெரிய விஞ்ஞானம் செய்யவில்லை. முந்தின நாள் பொழுது சாயும்போதே சாமைச் சோறும் பருப்பும் கீரையும் வயிறாரச் சாப்பிட வைத்தேன். காலையில் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு மலை வாழைப்பழம், அவளுக்குப் பழகின அதே வரக்காப்பி, வெல்லம் கொஞ்சம் தூக்கலாக. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். இதையே நாள் தவறாமல் பழக்கினேன். ஓட்டத்தன்று புதிதாக ஒரு கடுகு கூட வாயில் போகக்கூடாது என்று சொல்லி வைத்தேன். கண் இருட்டுவது நின்றது. பத்தாவது கிலோமீட்டரில் பேசிக்கொண்டே ஓடினாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

3. எல்லா வீட்டிலும் வெளிச்சம்

செலக்‌ஷனுக்கு முந்தின நாள் நான் காவலுக்குப் போய் அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். சாமைச் சோறு என் கண் முன்னால் உள்ளே போனது. வாழைப்பழமும் பிளாஸ்க்கில் வரக்காப்பியும் என் பையில். அடிவாரம் போய்ச் சேர்ந்ததும் கொடுப்பதாகத் திட்டம். எல்லாம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் ஊர் முழுக்க விளக்கு எரிகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது செத்துப் போய்விட்டார்களா என்று கூட நினைத்தேன்.

ஜீப் கீழே ரோட்டில் நின்றது. அங்கே போக ஊர்த் தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். முதல் வீட்டு வாசலில் பணியாரத் தட்டு. "ஒண்ணே ஒண்ணு சாமி. நல்ல காரியத்துக்குப் போறவ வெறு வாயோட போகக் கூடாது." அடுத்த வீட்டில் அவித்த முட்டை. "முட்டைக்கி என்னங்க டீச்சர் கனம், அதுபாட்டுக்கு உள்ள கெடக்கும்." அடுத்த வீட்டில் ஆரஞ்சை உரித்தே வைத்திருந்தார்கள். நான் குறுக்கே கையை நீட்டி, "வேண்டாங்க, ஓடப்போற வயிறு" என்று கத்தினேன். "ஓடறதுக்குத்தானுங்க குடுக்கறோம்!" என்று எனக்கே புத்தி சொன்னார்கள்.

இந்த மலையில் ஒரு வீட்டில் கை நனைப்பது சாப்பாட்டுச் சமாச்சாரம் கிடையாது. கை நனைத்தால் உறவு. நீட்டினதை வேண்டாம் என்றால் பகை. அதுவும் காரியமாகக் கிளம்புகிறவள் மறுத்தாளோ, அந்த வீட்டை அவமதித்த மாதிரி. ஆகையால் சித்ரா ஒவ்வொரு வாசலிலும் என் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் வாயைத் திறப்பாள்.

கடைசி வீடு பாவாயி வீடு. பாவாயி குமரேசனுடைய பெரியம்மா. காட்டு எல்லைக் கல்லுக்காகச் சண்டை போட்டு இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தி ரொம்ப வருஷமாகியிருந்தது. அந்தக் கதவும் திறந்திருந்தது. பாவாயி கையில் களியும் கோழிக் குழம்பும். "ஏங் கண்ணு, எல்லார் ஊட்டுலயும் தின்னுட்டு என்ற ஊட்டத் தாண்டிப் போயிருவியா?" என்றாள். சித்ரா உட்கார்ந்து, அழுதுகொண்டே களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். பாவாயியும் அழுதாள். தெருவே மூக்கை உறிஞ்சியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருக்கிற நாளெல்லாம் விட்டுவிட்டு, சமாதானம் ஆக இந்தக் காலையா கிடைத்தது?

அப்படி உள்ளே போனதுதான் வளைவில் வெளியே வந்தது. அடிவாரத்தில் வாழைப்பழம் இறங்கவில்லை. காப்பியும் குமட்டியது. அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் களிக்கும் எப்படி ஒத்துப்போகும்? காலியான வயிற்றோடு, நடுங்குகிற காலோடு ஓடினாள். நாலாவதாக வந்தாள். மூன்றாவது வந்தவளின் முதுகு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

மில் மேனேஜர் நல்ல மனிதர். "மாசியில இன்னொரு செலக்‌ஷன் இருக்கும்மா. ரெண்டு எடம் வரும். அத உட்டுட்டா ஒனக்கு வயசு தாண்டிரும்" என்றார்.

ஊருக்குத் திரும்பினோம். செய்தி கேட்டுப் பாவாயி மார்பில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் தீர்ப்புச் சொன்னாள்: "நாந்தான் பாத்தனே, ஒரே உருண்டை தின்னா. நொம்பக் கொறச்சல். அதான் தெம்பு பத்தாமப் போச்சு." சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. நோன்பு மாதம்

அடுத்த செலக்‌ஷனுக்கு நடுவில் ரம்ஜான் வந்தது. நான் விடிவதற்கு முன்பே நோன்புக்கான ஸஹர் சாப்பிட்டுவிட்டு, தொழுதுவிட்டு, பிராக்டீஸுக்குப் போவேன். நோன்பு வைத்துக்கொண்டு நான் ஓட மாட்டேன், விசிலோடு சரி. முன்பெல்லாம் தலைச்சோலைக்குப் போனால் எனக்கும் அதே ரோதனைதான். காப்பி குடிங்க, களி சாப்புடுங்க, ஏனுங்க எங்கூட்டுல சாப்புட மாட்டீங்களா. அந்த மாதம் முழுக்க ஒருவரும் என் பக்கம் ஒரு டம்ளரைக் கூட நீட்டவில்லை. பாவாயி தன் மருமகளை அதட்டினாள்: "அட, டீச்சரம்மா நோம்பு இருக்கறாங்க, அவிய முன்னாடி தட்டக் கொண்டாராத. சாமி காரியம்."

சித்ரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே இறங்கி வரும்போது கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், நோம்புன்னா மட்டும் ஒருத்தரும் கட்டாயப்படுத்தறதில்லைங்களே?"

"சாமி பேர்ல இருக்கறதாச்சே. யாரு குறுக்க வருவா?"

அவள் சேலையை இழுத்துச் சொருகினாள். அப்புறம் ஓட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

5. திருநீறு

மாசி செலக்‌ஷனுக்குச் சில நாள் முன்பு ஊரெல்லாம் ஒரே பேச்சு. சித்ரா மலைக்கோயில் சேர்வராயன் சாமிக்கு நேந்துக்கிட்டாளாம். ஓடி முடிக்கிற வரை அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாதாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பத்து கிலோமீட்டர் ஓடப் போகிறவள் விரதமா? பாடுபட்டதெல்லாம் பாழாகப் போகிறதே என்று அவளைப் போட்டு உலுக்கினேன். "நீங்க செத்த சும்மா இருங்க டீச்சர்" என்றாள். அதுவரை அவள் என்னிடம் அப்படிப் பேசினதே இல்லை.

அந்த விடியற்காலையும் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஆனால் கையில் தட்டு இல்லை, திருநீற்றுக் கிண்ணம் இருந்தது. ஒவ்வொருவரும் அவள் நெற்றியில் பூசி, "சேர்வராயன் தொணையிருப்பான் சாமி, போயிட்டு வா" என்றார்கள். பாவாயி அள்ளி அப்பினாள், சித்ரா தும்மினாள். புருவம் வரை வெள்ளையாக ஜீப்பில் ஏறினாள். வயிறு தப்பித்தது.

வாந்தி எடுத்த வளைவைத் தாண்டினதும் கையை நீட்டினாள். "பழத்தக் குடுங்க டீச்சர். காப்பியும்."

எதற்கும் இருக்கட்டும் என்று பழத்தையும் பிளாஸ்க்கையும் பையில் கொண்டு வந்த நானே அசந்து போனேன். "அடிப்பாவி, நேந்துக்கிட்டேன்னியே? சாமி குத்தம் ஆகாதா?"

"சாமிக்கு முன்னாலயே சொல்லிட்டேனுங்க. கோயில்ல நின்னு எல்லா வெவரமும் சொல்லிட்டுத்தான் வந்தேன். பெரீம்மாவுக்குத்தான் தெரியாது."

குமரேசன் சிரித்த சிரிப்பில் ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது. அன்றைக்குச் சித்ரா இரண்டாவதாக வந்தாள். மேனேஜர் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு, குழந்தைக்கு அங்கே பக்கத்தில் பால்வாடி இருக்கிறதா என்று விசாரித்தாள். சொல்வதற்கென்ன, அழுதேன்.

6. மயக்கம்

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. நம் ஜனங்கள் எதையும் அப்படி முடிய விடுவார்களா?

சித்ரா ஜெயித்தது விரதத்தால்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. போன தடவை தின்றுவிட்டுப் போனாள், தோற்றாள். இந்தத் தடவை திங்காமல் போனாள், ஜெயித்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஹெட்மாஸ்டர் கூட, "வெறும் வயித்துல ஓடுனாத்தான் ஒடம்பு லேசா இருக்கும் டீச்சர், நான் அப்பவே சொன்னேன்" என்றார். அந்த மனிதர் முட்டை சொன்ன வாயை எங்கே கழற்றி வைத்தாரோ தெரியவில்லை.

அடுத்த வருஷம் மில்லில் மறுபடி ஆள் எடுத்தார்கள். பாவாயியின் மருமகள் ரேவதி ஓடுவதாகப் பேர் கொடுத்தாள். நல்ல கால், நல்ல மூச்சு. ஒரு நாள் பிராக்டீஸில் செம்மநத்தம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் அப்படியே சாய்ந்தாள். முழங்கை கிழிந்து ரத்தம். முகம் வெளுத்துப் போனது. முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறந்ததும் வெல்லத்தை வாயில் வைத்துவிட்டுக் கேட்டேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். மாமியார் விரதம் இருக்கச் சொன்னாளாம். "சித்ராக்கா இருந்தாங்களே டீச்சர்."

ரோட்டுக்குப் பதில் சரிவுப் பக்கம் சாய்ந்திருந்தால் யார் பதில் சொல்வது? பஸ் பிடித்து நேரே மில் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சித்ராவிடம், "உன் சாமர்த்தியம் ஒருத்திய சாகடிக்கப் பாக்குது. ஞாயித்துக்கிழமை வந்து வாயத் தொற" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியிருந்தது, மில் வேலைக்காரி வந்திருக்கிறாளே என்று. சித்ரா நடுவில் நின்று, "நான் வெரதம் இருக்கலைங்க. வளைவு தாண்டி வாழப்பழம் தின்னேன், காப்பி குடிச்சேன். முந்துன நாளு ராத்திரி சாமைச் சோறு வயிறு முட்டத் தின்னேன். அதான் ஓட முடிஞ்சுது. ரேவதியப் பட்டினி போடாதீங்க" என்றாள்.

பாவாயி முன்னால் வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"அப்ப சாமி பேரச் சொல்லி எங்கள ஏமாத்திட்டயா கண்ணு? என்ற ஊட்டுச் சோறு வேண்டாம்னு நேராச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா பெரீம்மா?"

பாவாயி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "உட்டிருக்க மாட்டேன்" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை.

"செரி, அப்ப ஓடப்போற புள்ளைக்கி நாங்க என்னதான் பண்றது? கையக் கட்டிக்கிட்டு நிக்கறதா? எங்களுக்கு மனசு கேக்க வேண்டாமா?"

"முந்துன நாளு பொழுதோட ஆக்கிப் போடுங்க பெரீம்மா. வேணுங்கற மட்டும் போடுங்க. ஓடிட்டு வந்த பொறகு கோழி அடிங்க. நடுவால விடியக்காலம் மட்டும் லைட்டப் போடாமப் படுத்துத் தூங்குங்க. அந்த ஒரு பொழுதுதான் கேக்கறேன்."

இளைய டீச்சர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். எதைக் கொடுப்பது என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். சாமை இல்லாவிட்டால் அரிசி, வாழைப்பழம் இல்லாவிட்டால் ரெண்டு இட்லி, அது ஒரு பெரிய வித்தையா? பக்கத்தில் நிற்கிறவர்களின் கையைக் கட்டுவதற்குத்தான் எனக்கு வருஷக்கணக்காயிற்று. அதையும் நான் செய்யவில்லை, சித்ரா செய்தாள்.

ரேவதியின் செலக்‌ஷனுக்கு அவளைக் கூட்டிப்போக நாலு மணிக்குத் தலைச்சோலை போனேன். ஒரு வீட்டில் கூட வெளிச்சமில்லை. தட்டுத் தடுமாறி நடந்தேன். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இருமல், கிசுகிசுப்பு, வளையல் சத்தம். ஒரு ஆளும் தூங்கவில்லை, ஒரு ஆளும் வெளியே வரவுமில்லை. பாவாயி வீட்டில் ரேவதி ஷூ மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். உள்ளே பாவாயி கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

"பாவாயம்மா, கெளம்பறோம்" என்றேன்.

கம்பளி அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் தூங்கறனுங்க டீச்சரம்மா. பாத்துக் கூட்டிட்டுப் போங்க."